அரளி வேலியைப் பற்றிக் கேட்டவர்கள்

கேள்வி: உடுமலைப்பேட்டை அருகே எங்களுக்கு ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. நான்கு மாடுகளும் உண்டு. சென்ற கோடையில் ஊட்டிக்குப் போயிருந்தபோது ஒரு மட்டக்குதிரை குப்பைத் தொட்டியில் தலையை விட்டுப் பிளாஸ்டிக் பையோடு சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்த என் 14 வயது மகள் ஊர் வந்து சேரும்வரை பேசவில்லை. ஒரு குதிரைக்காவது நாம் இடம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். இரண்டு அமைப்புகளிடம் விசாரித்தோம். முதல் அமைப்பு அழகான படங்களை அனுப்பியது. குதிரை இலவசம், மீட்புச் செலவுக்கு மட்டும் 45,000 ரூபாய், ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் கசாப்புக்குப் போய்விடும், லாரியில் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம், வந்த அன்றே பாப்பா ஏறிச் சவாரி செய்யலாம் என்றார்கள். இரண்டாவது அமைப்பு நான்கு பக்கப் படிவம் கொடுத்தது. வீட்டுக்கு வந்து பார்ப்போம், மூன்று மாதம் ஆகும், ஒற்றைக் குதிரையாகத் தரமாட்டோம், இதன்மேல் யாரும் ஏறக்கூடாது என்கிறார்கள். என் மாமியார் பூஜைக்கு வளர்க்கும் அரளி வேலியை எடுக்க வேண்டும் என்றுகூடச் சொன்னார்கள். நல்லது செய்ய வந்த எங்களைக் கைதியை விசாரிப்பதுபோல விசாரித்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. யாரை நம்புவது, டாக்டர்?

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்களுக்கு வருத்தம் தந்த அந்த விசாரணைதான் நீங்கள் தேடுகிற அடையாளம். முதல் அமைப்புக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். இரண்டாவது அமைப்பின் காப்பகத்துக்கு மகளையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். அங்கே அவர்கள் உங்களைக் கேட்ட அளவுக்கு நீங்களும் அவர்களைக் கேளுங்கள். என்ன கேட்பது, எதைப் பார்ப்பது என்பதைத்தான் இந்தப் பதிலில் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கெடு. குதிரையைக் காட்டிப் பணம் பறிக்கும் வழிகளில் இது மிகப் பழக்கமான ஒன்று. அமெரிக்காவில் குதிரை வெட்டும் கூடங்களில் கடைசியாக இருந்தவை 2007இல் மூடப்பட்டன. அதன் பிறகு ஏலத்தில் வாங்கிய குதிரைகளை வியாபாரிகள் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் லாரியில் ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு குதிரையையும் படமெடுத்து, ஒரு விலையும் ஒரு கெடுவும் எழுதிப் பரப்பினால், இறைச்சிக்குக் கிடைப்பதைவிட இரக்கத்துக்கு அதிகப் பணம் வரும் என்பதைச் சிலர் கண்டுகொண்டார்கள். மனம் பொறுக்காமல் ஒருவர் பணம் அனுப்புகிறார். அந்தக் குதிரை பிழைக்கிறது. அந்தப் பணத்தோடு வியாபாரி அடுத்த ஏலத்துக்குப் போகிறார். நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு விதிகள் இறைச்சிக்கு அனுமதிக்கும் விலங்குகளில் குதிரை சேரவில்லை. எனவே ‘கசாப்புக்குப் போகும்’ என்று ஒருவர் சொன்னால், எந்த ஊரில், யாரிடம் என்று கேளுங்கள். உண்மையாகவே அப்படி நடக்கப்போகிறது என்றால் அதைத் தடுக்கக் காவல் நிலையம் இருக்கிறது. புகார் கொடுக்காமல் உங்களிடம் 45,000 ரூபாய் கேட்பவர் மீட்பு வேலை செய்யவில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நொண்டும் மட்டக்குதிரையைப் பரிதாபப்பட்டு விலை கொடுத்து வாங்கினால், விற்றவர் அதே பணத்தில் இன்னொரு இளங்குதிரையை வாங்கி அதே வேலையில் பூட்டுவார். நல்ல அமைப்புகள் முடிந்தவரை விலை கொடுப்பதில்லை. உரிமையாளர் எழுதிக்கொடுத்து ஒப்படைப்பார், அல்லது வழக்கின் மூலம் வரும், அல்லது அநாதையாகத் திரிந்ததை நகராட்சி பிடித்துக் கொடுக்கும். ‘இந்தக் குதிரை உங்களிடம் எப்படி வந்தது?’ என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். தேதியோடும் தாளோடும் பதில் வர வேண்டும்.

வழக்கின் மூலம் வந்த குதிரை என்றால் கூடுதல் கவனம் தேவை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைப்பற்றப்பட்ட விலங்கு, வழக்கு முடியும்வரை வழக்குச் சொத்துதான். காப்பகத்திடம் பராமரிப்பு மட்டுமே இருக்கும். 2017இல் இதற்கென்று தனி விதிகளே வந்தன. அப்படிப்பட்ட குதிரையை நிரந்தரத் தத்து என்று யாராவது கொடுத்தால், நாளை நீதிமன்ற உத்தரவோடு ஒருவர் உங்கள் தோப்பு வாசலில் வந்து நிற்கலாம். உங்கள் மகள் அதற்குப் பெயர் வைத்துவிட்ட பிறகு அப்படி நடந்தால் அவளால் தாங்க முடியாது.

பதிவுத் தாள்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்த சான்று, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்க வழிசெய்யும் வருமான வரித்துறையின் 80ஜி எண், இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்து வளர்த்த வாரியம் அது. வெகுகாலம் சென்னையில் இருந்தது, இப்போது அரியானாவில் இருக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு 80ஜி சலுகை கிடையாது. அதனால் முறையாக இயங்கும் அறக்கட்டளை தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கைத்தான் கொடுக்கும். உங்களிடம் பணம் கேட்டவர்கள் தனிமனிதர் ஒருவரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருந்தால் அதுவே போதுமான சாட்சி.

ஆனால் தாள்கள் சரியாக இருப்பது வேறு, குதிரை நன்றாக இருப்பது வேறு. சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ்களுக்குக் கீழே, பாசி படிந்த தொட்டியில் ஒரு கை நீர்கூட இல்லாத காப்பகத்தைப் பார்த்திருக்கிறேன். 80ஜி இல்லாமலே, தங்கள் ஓய்வூதியத்தில் ஏழு குதிரைகளுக்குக் குளம்பு தவறாமல் சீவி வைத்திருந்த ஒரு வயதான தம்பதியையும் பார்த்திருக்கிறேன். அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. என்றாலும் தத்து எடுக்கும்போது பதிவு பெற்ற அமைப்பு வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். குதிரை 25, 30 ஆண்டுகள் வாழும். அதைத் திருப்பி ஏற்கக்கூடிய அமைப்பு ஒரு மனிதரின் ஆயுளைத் தாண்டியும் இருக்க வேண்டும்.

காப்பகத்துக்குப் போனதும், உங்களுக்குக் காட்டுவதற்காக நிறுத்தியிருக்கும் குதிரையை முதலில் பார்க்காதீர்கள். ‘இங்கே இருப்பதிலேயே வயதானது எது?’ என்று கேட்டு அதனிடம் போங்கள். தத்துப்போக வழியே இல்லாத, யாரும் படமெடுக்காத குதிரை அது. அதன் குளம்புகள் ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்கு ஒருமுறை சீவப்பட்டவையா, செருப்பு முனைபோல நீண்டு வளைந்துவிட்டனவா என்று குனிந்து பாருங்கள். பல் ஏறுமாறாகத் தேய்ந்த குதிரை புல்லை மென்று உருண்டையாகத் துப்பிவிடும். அதன் காலடியில் அப்படி உருண்டைகள் கிடந்தால், பல்லைக் கடைசியாக எப்போது அராவினார்கள் என்று கேளுங்கள். விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. முதுகில் சேணப்புண் ஆறிய வெள்ளைத் தழும்பு இருந்தால் பயப்பட வேண்டாம், அது பழைய வாழ்க்கையின் கணக்கு. ஈரம் காயாத புண் இருந்தால் அது இந்தக் காப்பகத்தின் கணக்கு.

குட்டிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். சினையோடு மீட்கப்பட்ட பெட்டைக்குதிரை அங்கே வந்து ஈன்றிருக்கலாம். ஆனால் தாய் காப்பகத்துக்கு வந்து இரண்டு ஆண்டு ஆன பிறகு குட்டி பிறந்திருக்கிறது என்றால், ஆண்குதிரைகளைக் காயடிக்காமல் ஒன்றாக விட்டிருக்கிறார்கள். கைவிடப்பட்ட குதிரைகளுக்கே இடம் போதாத நிலையில் புதிதாகக் குட்டிகளைப் பெருக்கும் இடத்தை மீட்பு அமைப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவர்களுக்கு உண்மையாகவே குதிரை தெரியுமா என்பதை அறிய நான் எப்போதும் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். அதை உங்களுக்கும் தருகிறேன். ‘எலும்பும் தோலுமாக ஒரு குதிரை வந்தால் முதல் வாரம் என்ன கொடுப்பீர்கள்?’ என்று கேளுங்கள். ‘வயிறு நிறையக் கொள்ளும் தவிடும் கொடுத்துத் தேற்றிவிடுவோம்’ என்று பெருமையாகச் சொன்னால் மனதுக்குள் குறித்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று மாவுச்சத்து நிறைந்த தீவனம் போனால், இரத்தத்தில் தாது உப்புகளின் அளவு சரிந்து, காப்பாற்றப்பட்ட நான்கைந்து நாட்களிலேயே குதிரை விழுந்து இறந்துபோகலாம். குதிரைமசால் போன்ற நல்ல தீவனத்தைச் சிறிது சிறிதாக, சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து கொடுத்து, பத்து நாட்களில் படிப்படியாக அளவைக் கூட்டுவதுதான் முறை. இதைச் செய்தவர்கள் சொல்லும்போதே முகத்தில் தெரியும், அந்த இரவுகளின் அலுப்பு நினைவுக்கு வரும்.

அடுத்த கேள்வி கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்: ‘சென்ற ஆண்டு உங்களிடம் எத்தனை குதிரைகள் இறந்தன, எதனால்?’ ஒன்றுகூட இறக்கவில்லை என்று சொல்லும் இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது. ஊட்டியில் பல ஆண்டு பிளாஸ்டிக் தின்ற மட்டக்குதிரையும், மெரினாவில் மணலோடு தீவனம் பொறுக்கிய குதிரையும் குடலில் சுமையோடுதான் வருகின்றன. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. குடல் அடைத்தால் உருண்டு புரண்டு துடிக்கும். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் ஓடிய குதிரைகள் போர் முடிந்ததும் எகிப்தில் விற்கப்பட்டன. அவை கெய்ரோ தெருக்களில் வண்டி இழுத்து நலிந்ததை 1930இல் டோரதி புரூக் என்ற பெண்மணி கண்டார். மறு ஆண்டு லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதி நிதி திரட்டினார். ஏறத்தாழ 5,000 குதிரைகளை வாங்கினார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவரால் கொடுக்க முடிந்தது சில நாள் நல்ல தீவனமும், மெத்தென்ற வைக்கோலும், வலியில்லாத சாவும்தான். அதை அவர் மறைக்கவில்லை. 1934இல் அவர் தொடங்கிய மருத்துவமனையிலிருந்து வளர்ந்த அமைப்பு இன்று வட இந்தியாவின் செங்கல் சூளைக் குதிரைகள்வரை வேலை செய்கிறது. இறந்தவற்றின் பதிவேட்டை எடுத்துக் காட்டக்கூடிய காப்பகமே உயிரோடிருப்பவற்றைப் பற்றியும் உங்களிடம் உண்மை சொல்லும்.

நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒருமுறை நானே தவறினேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்டது. அமைப்பைத் தொலைபேசியில் விசாரித்துவிட்டு, நேரில் போகாமல், ‘எடுக்கலாம்’ என்று சொன்னேன். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை. வந்த அன்று சாதுவாக, சீராக நடந்தது. பத்தாம் நாள் முன்னங்காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. வலிநிவாரணி கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, ‘கொடுத்தது கொடுத்ததுதான்’ என்றார்கள். அந்த வீட்டுப் பையன் தினமும் காலையில் அதன் காலுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனான். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது. அதனால் சொல்கிறேன்: ஒரு நாள் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை போங்கள், இரண்டாவது முறை சொல்லாமல் போங்கள். மருந்துப் பதிவேட்டைக் கேளுங்கள். அமைப்போடு தொடர்பில்லாத கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு, கல் பாவிய தரையில் குதிரையை ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பந்தயக் குதிரை என்றால் புனேயில் உள்ள பதிவு ஆணையம் கொடுத்த கடவுச்சீட்டு இருக்கும். அதில் வரைந்திருக்கும் அடையாளங்களும் சுழிகளும் எதிரே நிற்கும் குதிரையோடு பொருந்த வேண்டும்.

கிளாண்டர்ஸ் பரிசோதனை அறிக்கை இல்லாமல் எந்தக் குதிரையையும் தோப்புக்குள் விடாதீர்கள். மூக்கிலும் தோலிலும் புண்களாகத் தொடங்கும் இந்த நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. தடுப்பூசி கிடையாது. உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். இரத்த மாதிரியை அரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் சோதிக்கிறது. கேட்பதற்கு முன்பே இந்த அறிக்கையை எடுத்து மேசைமேல் வைக்கும் அமைப்பு உங்கள் மகளின் உடல்நலத்தையும் நினைத்திருக்கிறது என்று பொருள். லாரியில் ஏற்றுவதற்கு முன் பயணத்துக்குத் தகுதியானது என்ற மருத்துவர் சான்றும் வேண்டும். ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்ட தேதியையும் கேட்டு வாங்குங்கள். மாட்டுச் சாணம் உள்ள தோப்பில் ஆணி குத்திய ஒரு குளம்பு போதும், குதிரையைப்போல ரணஜன்னிக்கு இலக்காகும் வளர்ப்பு விலங்கு வேறில்லை.

இனி ஒப்பந்தம். உங்களுக்கு உறுத்தும் நிபந்தனைகளைத்தான் நான் முதலில் தேடுவேன். குதிரையை விற்கக் கூடாது, இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது, ரேக்ளாவுக்கோ கல்யாண ஊர்வலத்துக்கோ வாடகைக்குக் கொடுக்கக் கூடாது, அமைப்பினர் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும், வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் அவர்களிடமே திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். கடைசி நிபந்தனை எந்தக் காலக்கெடுவும் இல்லாமல் இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு 14 வயது. நான்கு ஆண்டில் கல்லூரிக்குப் போய்விடுவாள். ஒன்பது வயதுக் குதிரை அதற்குப் பிறகும் 15 ஆண்டு தோப்பில் நிற்கும். அந்த 15 ஆண்டுகளில் உங்கள் குடும்பத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? திருப்பி ஏற்கிறோம் என்று எழுதிக் கொடுப்பவர்கள் உங்கள்மேல் சந்தேகப்படவில்லை, குதிரைக்கு இன்னொரு கதவைத் திறந்து வைக்கிறார்கள். இதுவரை எத்தனை குதிரைகள் திரும்பி வந்தன என்றும் கேளுங்கள். ‘மூன்று வந்தன, இரண்டு வேறு வீட்டுக்குப் போயின, ஒன்று இங்கேயே இருக்கிறது, பாருங்கள்’ என்று கையைப் பிடித்து அழைத்துப்போகிறவர்களை நான் நம்புவேன்.

சவாரி கிடையாது என்று அவர்கள் சொன்னது மகளுக்கு ஏமாற்றமாக இருக்கும். அவளிடம் கணக்கைக் காட்டுங்கள். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு அது 40 கிலோ. அதுவும் நலமான குதிரைக்கு. பல ஆண்டு சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து முதுகு தேய்ந்த ஒன்றுக்கு அந்த 40 கிலோவும் அதிகம். ‘வந்த அன்றே ஏறலாம்’ என்று சொன்னவர்கள் உங்கள் மகளின் எடையைக்கூடக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒற்றைக் குதிரையாகத் தரமாட்டோம் என்பதும் சரிதான். அது மந்தையில் வாழும் உயிர். துணைக்கு ஒன்று விழித்திருந்தால்தான் மற்றொன்று படுத்து உறங்கும். நான்கு மாடுகள் இருப்பது ஓரளவு ஆறுதல், ஆனால் இன்னொரு குதிரைக்கு ஈடாகாது. இரண்டு குதிரைகளுக்குச் செலவு தாங்காது என்றால் மனம் திறந்து அவர்களிடமே சொல்லுங்கள். ஒரு வயதான மட்டக்குதிரையின் தீவனச் செலவை மாதந்தோறும் ஏற்றுக்கொண்டு, விடுமுறையில் மகள் போய்க் குளம்பு சுத்தம் செய்து, உடம்பு தேய்த்துவிட்டு வரலாம். மசினகுடிப் பக்கம் மாவனல்லாவில் உள்ளதுபோல, கைவிடப்பட்ட ஊட்டிக் குதிரைகளைக் கடைசிவரை வைத்துப் பார்க்கும் காப்பகங்கள் நீலகிரியிலேயே இருக்கின்றன. இதைக் குறைந்த உதவி என்று நினைக்காதீர்கள்.

அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பதையும் சோதனையாக எண்ண வேண்டாம். நல்ல பார்வையாளர் உங்கள் வீட்டைவிடத் தீவன அறையைத்தான் அதிக நேரம் பார்ப்பார். மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியர் புல்லை மட்டுமே குதிரைக்குத் தொடர்ந்து போட்டால், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பைப் பலவீனமாக்கும். வேறு புல்லும் கலக்க வேண்டும். சில கோழித் தீவனங்களில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து கோழிக்கு நல்லது, குதிரையின் இதயத்துக்கு நஞ்சு. தென்னைக்கு உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கும் குதிரைக்குக் கொடிய நஞ்சு. அந்த மூட்டைகளைப் பூட்டிய அறைக்கு மாற்றுங்கள். உங்கள் பகுதியில் குளம்பு சீவத் தெரிந்த லாடக்காரர் யார், இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய மருத்துவர் யார் என்ற இரண்டு தொலைபேசி எண்களையும் அவர்கள் கேட்பார்கள். இப்போதே தேடி வையுங்கள்.

அரளியை எடுக்கச் சொன்னதற்கும் காரணம் இதுதான். சில இலைகள் போதும், குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். உங்கள் தோப்பு வேலியை விசாரித்து அதில் அரளி இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள், குதிரையை அனுப்பிய பிறகும் அதன்மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். மாமியாருக்குப் பூஜைக்குக் குறையில்லாமல் நந்தியாவட்டையையும் செம்பருத்தியையும் வீட்டின் முன்புறம், குதிரை எட்டாத பக்கம் வைத்துக் கொடுங்கள். அரளியை வேரோடு எடுக்கும்போது வெட்டிய கிளைகளை வேலியோரம் காயப்போட்டுவிடாதீர்கள். காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது, பச்சையாக இருக்கும்போது கசப்பால் ஒதுக்கும் விலங்கு காய்ந்ததைத் தின்றுவிடும். எரித்தால் புகையும் ஆகாது. ஆழமாகக் குழி தோண்டி, ஓர் இலைகூட விடாமல் கூட்டி, புதைத்து மூடுங்கள்.